கடலோரத்துத் திருப்பாடல்கள்: துயரும் நன்றியும்



மயிலையில் துயரைப் பற்றிப் பேச முற்படும் எவரும் பூம்பாவையைக் கடந்து செல்லவியலாது. சிவநேசர் என்னும் வணிகரின் மகள் அவள். ஞானசம்பந்தருக்கே உரியவள் என்று தந்தை எண்ணி வளர்த்த பெண். பூக்கொய்யச் சென்றவளை அரவு தீண்டியது. எரித்த சாம்பலையும் எலும்பையும் குடத்தில் இட்டுச் சம்பந்தர் வருமளவும் தந்தை காத்திருந்தார் என்கிறது பெரியபுராணம். வந்த சம்பந்தர் பாடிய பதிகத்தில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மகளை இழந்து நிற்கும் அந்தத் தந்தைக்கு அவர் ஓர் ஆறுதல் மொழியும் கூறவில்லை. மரணம் இயற்கை என்றோ, வினைப்பயன் என்றோ விளக்கவில்லை. மாறாக, மயிலையின் திருவிழாக்களை மாதம் மாதமாக எடுத்துச் சொல்கிறார்: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். இவற்றைக் காணாமலா செல்கிறாய் என்று குடத்துச் சாம்பலைப் பார்த்துக் கேட்கிறார். அவள் எழுந்தாள் என்பது பத்தர் நம்பிக்கை. ஆயினும் எழாத பிள்ளைகளைப் பெற்றோரும் அப்பதிகத்தை ஓதி வந்திருக்கின்றனர் என்பதே இலக்கியம் கருத வேண்டியது. இறந்தவளின் முன் ஊரின் மகிழ்ச்சியை எல்லாம் ஒன்றுவிடாமல் எண்ணிக் காட்டுவது துயரின் மொழியா, நன்றியின் மொழியா? பிரித்துச் சொல்வது எளிதன்று.

கபாலீசுவரர் கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் சற்றுத் தொலைவில் சாந்தோம். அங்கே பாடப்படும் எபிரேயப் பாடல் தொகுதியிலும் இதே செயல் நிகழ்வதைக் காணலாம். நாற்பத்திரண்டாம் திருப்பாடலைப் பாடியவர் எருசலேமை விட்டு வடக்கே, யோர்தானும் எர்மோன் மலையும் உள்ள நாட்டில் தவிக்கிறார். உன் கடவுள் எங்கே என்று கேட்போர் நடுவில் அவருக்குக் கண்ணீரே உணவாகிறது. அந்நிலையில் அவர் நினைப்பது எதை? தாம் விழாக் கூட்டத்தோடு கோயிலுக்கு நடந்து சென்ற நாள்களை. ஆரவாரமும் நன்றிப் பாடலும் நிறைந்த அந்தக் கூட்டத்தின் நினைவு அவருக்கு மருந்தாகவில்லை, நெஞ்சைப் பிழிகிறது. அதற்கடுத்த அடிகளில் ஆழம் ஆழத்தைக் கூப்பிடுகிறது, அலைகள் எல்லாம் அவர்மேல் புரண்டு போகின்றன. விழாவும் அலையும் ஒரே பாட்டுக்குள், ஒரே மூச்சில். மாசிக் கடலாட்டைப் பாடிய மயிலையின் காதுக்கு இது அந்நியமாக ஒலிக்கக் காரணமில்லை.

அப்பாடலின் வேறோர் இயல்பும் தமிழ்க் கவிஞர்க்கு உடனே பிடிபடும். பாடுபவர் தம் உள்ளத்தையே விளித்து, ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கிறாய் என்று கேட்கிறார். ஒரே பாடலாக இருந்து பிரிந்தவை என்று கருதப்படும் நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று ஆகிய இரண்டிலுமாக மூன்று முறை அவ்விளி திரும்ப வருகிறது. நம் அகப்பாடல் மரபில் நெஞ்சொடு கிளத்தல் என்று வழங்குவது இதுவேயன்றோ? நூற்றுமூன்றாம் பாடல் தொடங்குவதும் தன்னுயிரை விளித்தே. ஆனால் அங்கே சோர்வு பற்றிய வினா இல்லை. பெற்ற நன்மைகளை மறவாதே என்ற ஏவல் இருக்கிறது. புலம்பவும் ஏவ வேண்டியிருக்கிறது, நன்றி சொல்லவும் ஏவ வேண்டியிருக்கிறது. தானாக இரண்டும் வருவதில்லை என்பதை எபிரேயக் கவிஞர் அறிந்திருந்தார்.

எபிரேயத்தில் இவ்விடங்களில் நிற்கும் சொல் நெஃபெஷ். தொண்டை, மூச்சு, உயிர், ஆள் எனப் பல பொருள் தருவது. தமிழில் விவிலியம் முழுமையாக அச்சேறியது தரங்கம்பாடியில், 1728 இல். 1706 இல் வந்திறங்கிய சீகன்பால்கு பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல் வரை முடித்துவிட்டு 1719 இல் மறைந்தார். எஞ்சியதை முடித்தவர் பெஞ்சமின் சூல்சு. ஆகவே திருப்பாடல்கள் சீகன்பால்குவின் கை படாதவை. பின்னர் அவற்றைச் செம்மையாக்கியவர் யோகான் பிலிப்பு பப்ரிசியஸ். 1742 முதல் சென்னையில் வாழ்ந்தவர். போர்க்காலங்களில் பழவேற்காட்டுக்கு ஓடிப் பிழைத்தவர். முதுமையில் கடன்பட்டுச் சிறைப்பட்டு 1791 இல் இறந்தவர். பகைவரையும் குழியையும் கண்ணியையும் பற்றி ஓயாமல் முறையிடும் இப்பாடல்களைத் தமிழாக்கியவர் அவற்றை ஏட்டில் மட்டும் அறிந்தவராக இருக்கவில்லை. பழைய மொழிபெயர்ப்பு மரபு நெஃபெஷ் என்பதை 'ஆத்துமா' என்று நிலைநிறுத்தியது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் கூடி 1995 இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு 'உயிர்', 'நெஞ்சு' என்ற சொற்களின் பக்கம் சாய்ந்தது. சீர்திருத்தச் சபையினர் பெரும்பாலோர் இன்னும் பழைய 'சங்கீத'த்தையே கையில் வைத்திருக்கின்றனர். தாய் தந்தையர் சாவுப் படுக்கையில் கேட்ட சொற்களை யார்தான் மாற்றிக்கொள்வர்? எனினும் இரு மொழிபெயர்ப்பிலும் ஒன்று தெளிவாக வரவில்லை. வெள்ளம் நெஃபெஷுக்கு மேல் வந்தது என்று எபிரேயம் சொல்லும்போது ஆத்துமா நனைவதில்லை. கழுத்துக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது, மூச்சு நிற்கப் போகிறது என்பதே பொருள். இதைச் சொல்லியாக வேண்டும். பின்னால் வரும் செய்திக்கு இது அடிப்படை.

மயிலைக் கிறிஸ்தவத்தின் பழைய ஆலயங்களில் ஒன்று கடல் நீருக்குத் தப்பிய நன்றியிலிருந்து எழுந்தது. லஸ் என்று ஊரார் வழங்கும் பகுதிக்குப் பெயர் தந்தது பிரகாச மாதா ஆலயம். போர்த்துக்கேய மொழியில் 'லூஸ்' என்றால் ஒளி. அங்குள்ள கல்வெட்டு 1516 என்று ஆண்டு காட்டுகிறது. புயலில் திசை தப்பிய மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு அதைப் பின்தொடர்ந்தனர் என்றும், ஒளி மறைந்த காட்டிடத்தில் கோயில் கட்டினர் என்றும் ஐதிகம். காட்டுக்கோயில் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. நாகப்பட்டினக் கரையில் வேளாங்கண்ணி ஆலயத்தின் வரலாற்றிலும் புயலில் தப்பிய போர்த்துக்கேயரின் நேர்ச்சை ஒரு பகுதி. அந்த அன்னையின் பெயரிலேயே அடையாற்றுக்குத் தெற்கே பெசன்ட் நகரில் கடலைப் பார்த்தபடி ஓர் ஆலயம் நிற்கிறது. ஆகஸ்ட் 29 இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் அதன் விழாவுக்குக் காவியுடுத்திக் கால்நடையாக வருவோரில் பிற சமயத்தாரும் உண்டு. நூற்றேழாம் திருப்பாடலில் கப்பலேறிச் சென்றோர் பகுதி ஒன்று இருக்கிறது. அலையில் ஏறி இறங்கிக் குடியரைப்போல் தள்ளாடியவர்கள் கரை சேர்ந்ததும் மக்கள் மன்றத்தில் நன்றி சொல்ல வேண்டுமென்று அது பணிக்கிறது. லஸ் ஆலயத்தை அப்பகுதியின் கல்லுருவம் எனலாம்.

தப்பியோரின் நன்றி இவ்வாறு கல்லாகி நிற்கும் கரையில், தப்பாதோரின் வீட்டார் எந்தப் பாடலைப் பாடுவர்? இவ்வினா ஒரு மூன்று நாளில், நாட்காட்டியின் கணக்குப்படியே, சென்னைக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். கத்தோலிக்க வழிபாட்டு நாட்காட்டியில் அந்த ஞாயிறு திருக்குடும்ப விழா. வாசகங்கள் 1969 இல் உரோமையில் வரையறுக்கப்பட்டவை. மூன்றாண்டுச் சுழற்சியில் அவ்வாண்டு முதல் ஆண்டு. அன்றைய பதிலுரைப் பாடலாகக் குறிக்கப்பட்டிருந்தது நூற்றிருபத்தெட்டாம் திருப்பாடல். இறைவனுக்கு அஞ்சி நடப்பவன் பேறுபெற்றவன். அவன் உழைப்பின் பயனை அவனே உண்பான். இல்லத்தில் மனைவி கனி நிறைந்த திராட்சைக் கொடியாவாள். உணவு மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் ஒலிவக் கன்றுகளாக நிற்பார்கள் என்பது அதன் பொருள். தமிழில் மனையறத்தைப் பாடிய எந்தப் பாடலோடும் வைத்துப் பார்க்கத் தக்க நன்றிப் பாட்டு. அன்று காலை ஒன்பது மணியளவில் கடல் உள்ளே வந்தது. பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் உள்ளிட்ட குப்பங்களில், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அருகருகே வாழும் வீடுகளில், அலை புகுந்தது. சென்னையில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 8,000 பேர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். வேளாங்கண்ணிக்கு விழாக்கால வழிபாட்டுக்கென்று சென்ற திருப்பயணிகள் பலர் அக்கரையிலேயே மடிந்தனர். எங்கும் குழந்தைகளின் எண்ணிக்கை மிகுதி. ஓடத் தெரியாத வயதினர் அவர்கள். மேசையைச் சுற்றி நின்ற கன்றுகள்.

டிசம்பர் 27 திங்கட்கிழமை. பழைய ஆங்கிலிக்க ஜெபப் புத்தகம் நூற்றைம்பது சங்கீதங்களையும் மாதத்தின் முப்பது நாளுக்கும் காலை மாலை எனப் பங்கிட்டிருக்கிறது. அம்முறையை விடாமல் பின்பற்றும் குடும்பங்கள் குறைந்துவிட்டன. அறவே இல்லாமல் போகவில்லை. இருபத்தேழாம் நாள் காலைக்குரியவை 120 முதல் 125 வரை. மாலைக்குரியவை 126 முதல் 131 வரை. அந்தத் திங்களன்று அவ்வொழுங்கில் ஜெபித்த ஒருவர் காலையில் நூற்றிருபத்துநான்கைச் சொல்லியிருப்பார். மாலையில் நூற்றிருபத்தெட்டையும், ஆழத்திலிருந்து கூப்பிடும் நூற்றுமுப்பதையும் ஒரே அமர்வில் சொல்லியிருப்பார்.

டிசம்பர் 28 செவ்வாய்க்கிழமை. கத்தோலிக்க நாட்காட்டியில் மாசில்லாக் குழந்தைகள் திருநாள். பெத்லகேமில் ஏரோது கொல்வித்த பச்சிளங் குழந்தைகளின் நினைவு. ஞாயிற்றுக்கிழமை நற்செய்தி வாசகம் திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பியோடியதைச் சொல்லிவிட்டுக் கொலையைச் சொல்லும் மூன்று வசனங்களை விட்டுத் தாண்டியிருந்தது. செவ்வாயன்று அந்த மூன்று வசனங்களும் வாசிக்கப்பட்டாக வேண்டும். இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதலை ஏற்க மறுக்கிறாள் என்று அவ்வாசகம் முடிகிறது. அன்றைய பதிலுரைப் பாடல் நூற்றிருபத்துநான்கு. ஆண்டவர் நம் பக்கம் இராவிட்டால் வெள்ளம் நம்மை மூழ்கடித்திருக்கும், பெருக்கு நம்மேல் புரண்டிருக்கும் என்று சொல்லி, வேடன் கண்ணியிலிருந்து பறவை தப்பியதைப்போல் தப்பினோம் என்று நன்றி கூறும் பாட்டு. கடல் வந்துபோன இரண்டாம் நாள், உடல்கள் இன்னும் கரையொதுங்கிக் கொண்டிருந்த நாளில், சாந்தோமிலும் லஸ்ஸிலும் பெசன்ட் நகரிலும் திருப்பலி வாசக நூலைத் திறந்தால் இந்தப் பக்கமே வரும். யாரும் தேர்ந்தெடுத்து வைத்ததன்று. முப்பத்தைந்தாண்டுகளுக்கு முன்னரே குறிக்கப்பட்டது.

இவ்விடத்தில் பக்தி நூல்கள் விரைவாகக் கடந்து செல்வது வழக்கம். 'எல்லாம் அவன் சித்தம்' என்று ஒரு வரி. அதன்பின் வேறு செய்தி. கவிதையை அறிந்தோர் அப்படிக் கடக்கலாகாது. பக்கத்தில் ஒரு தாய் நிற்கிறாள். அவள் பிள்ளையை வெள்ளம் விழுங்கிவிட்டது. நம் பக்கம் அவர் இருந்ததால் வெள்ளம் விழுங்கவில்லை என்று அவளருகில் நின்று எப்படிப் பாடுவது? பாடினால் அவள் பக்கம் அவர் இல்லை என்றாகும். பாடாமல் விட்டால், உயிர் தப்பிய குழந்தையைத் தோளில் தூக்கி நிற்கும் அடுத்த தாயின் நன்றிக்கு இடமில்லை என்றாகும். இரண்டும் கொடுமை.

பாடலுக்குள் சென்று பார்க்க வேண்டும். நூற்றிருபத்துநான்கு நன்றிப் பாடல்தான். ஆனால் அதன் உடலில் பெரும்பகுதி நன்றி இல்லை, வெள்ளம் இருக்கிறது. தண்ணீர், பெருக்கு, கொந்தளிக்கும் நீர் என்று மூன்று முறை வெவ்வேறு சொல்லால் அது நெஃபெஷுக்கு மேல், தொண்டைக்கு மேல் வருகிறது. வாக்கியம் முழுவதும் 'இராவிட்டால்' என்ற எச்சத்தில் தொடங்கி 'இருக்கும்' என்று முடியும் நிகழாத நிகழ்ச்சி. தமிழ் இலக்கணமும் இதை நன்கு தாங்கும். நிகழாததைச் சொல்லவும் வினைச்சொல் முழுமையாக மூழ்கியெழ வேண்டியிருக்கிறது. வெள்ளத்தைக் கண்ணால் காணாத ஒருவர் இப்படிப் பாடமாட்டார். தப்பியதைச் சொல்ல அவருக்கு ஒரு பறவை போதுமாயிருக்கிறது. தப்பாமற் போயிருந்தால் என்பதற்கு நீரெல்லாம் தேவைப்படுகிறது. அழிவை இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு சொல்லப்படும் நன்றி, அழிந்தோரை மறந்து சொல்லும் நன்றியன்று.

இரண்டாவது, அப்பாடல் தனியொருவன் வாயில் வைக்கப்பட்டதன்று. முதல் அடியைத் தலைவன் தொடங்கி, இஸ்ரயேல் இதைச் சொல்வதாக என்று கூட்டத்தை அழைக்கிறான். கூட்டம் அவ்வடியை மீண்டும் எடுக்கிறது. அக்கூட்டத்தில் போரிலும் நாடுகடத்தலிலும் பிள்ளைகளை இழந்தவர்கள் இல்லாமலிருக்க வழியில்லை. தப்பியது 'நான்' அல்ல; 'நாம்'. குடும்பத்தில் எஞ்சியவர் யார், எஞ்சாதவர் யார் என்று எண்ணாமல் ஒரு மக்களினம் தன்னைச் சொல்லிக்கொள்ளும் முறை அது. தமிழில் உளப்பாட்டுப் பன்மை என்று ஒன்று இருப்பதால் இவ்வேறுபாடு தமிழர்க்கு விளங்கும். ஆங்கில வழியில் படித்தோர்க்கே சற்று விளக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, திருச்சபை அப்பாடலை அன்று யார் வாயில் வைக்கிறது என்பது. மாசில்லாக் குழந்தைகள் திருநாளில் வேடன் கண்ணிக்குத் தப்பிய பறவை யார்? எகிப்துக்குத் தப்பிய குழந்தை இயேசு அல்லர், கொல்லப்பட்ட குழந்தைகள். கண்ணி அறுந்தது, அவர்களின் உயிர் பறந்தது என்பது அத்திருநாளின் துணிவு. இத்துணிவை ஏற்காதவர் இருக்கலாம். ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், தப்பியோரின் பாட்டை இறந்தோர்க்கு உரிமையாக்கியது சாதாரணச் செயலன்று. அதே வழிபாட்டில் இராகேலுக்கு ஆறுதல் அளிக்கப்படவில்லை. அவள் மறுக்கிறாள், வாசகர் அந்த மறுப்போடு நூலை மூடுகிறார். பாடலையும் மறுப்பையும் இணக்கிவைக்க வழிபாடு முயலவில்லை. அருகருகே வைத்துவிட்டு நிற்கிறது. இறையியலார் பலர் எழுதிய நூல்களைவிட இது நேர்மையானது.

பதிலுரைப் பாடலின் அமைப்பையும் கருத வேண்டும். ஒருவர் அடிகளைப் பாட, மக்கள் பல்லவியைத் திரும்பத் திரும்ப எடுப்பர். பல்லவி என்பது கூட்டத்துக்கு உரியது. அதைச் சொல்ல இயலாமல் ஒருத்தி வாய் மூடி நின்றாலும் பல்லவி நிற்பதில்லை. அவளுக்கும் சேர்த்துப் பிறர் சொல்வர். வேறொரு நாள் அவர்களுக்காக அவள் சொல்வாள். துயரமற்ற நாளில் புலம்பல் பாடலை ஜெபிக்க நேர்பவர் இது எனக்குப் பொருந்தாதே என்று மயங்குவதுண்டு. பொருந்த வேண்டியதில்லை, அச்சொல் அன்று வேறொருவருடையது, அதற்கு அவர் வாயைக் கடன் கொடுக்கிறார். தமிழர்க்கு இது புதிதன்று. ஒப்பாரியில் ஒருத்தி எடுக்க, தோள்மேல் கைபோட்டு வட்டமாக அமர்ந்த பெண்கள் தொடர்வர். அவர்களில் பலர் தம் பழைய சாவுகளுக்கும் சேர்த்து அழுவர். இறந்தவரின் அருமைகளை அடுக்கும் அப்பாட்டில் புகழும் நன்றியும் கலந்தே வரும். சீர்திருத்தச் சபைகள் ஒப்பாரியை நம்பிக்கையற்றோர் செயலென்று விலக்கி, அடக்க ஆராதனையில் கீர்த்தனையையும் சங்கீதத்தையும் வைத்தன. சங்கீதத்தை வைத்தது நன்று. ஆனால் அதிலும் இருபத்துமூன்றையும் தொண்ணூறையும் போன்றவற்றையே வைத்துக்கொண்டு, மாரடித்துக் கேட்கும் பாடல்களை ஒதுக்கிவிட்டது பேரிழப்பு. ஒப்பாரியின் இடத்தில் நிற்கத் தக்கவை அவையே.

எண்பத்தெட்டாம் பாடலை எடுத்துக்கொள்ளலாம். பிற புலம்பல்கள் பெரும்பாலும் எங்காவது ஒரு திருப்பத்தில் நம்பிக்கைக்கோ நன்றிக்கோ திரும்பிவிடும். இது திரும்பவில்லை. இரவும் பகலும் கூப்பிட்டேன், நண்பரையும் உறவையும் என்னைவிட்டு அகற்றினீர் என்று சொல்லி இருள் என்ற சொல்லில் எபிரேயம் நின்றுவிடுகிறது. தெகிலிம், அதாவது துதிகள், என்பது இத்தொகுதி முழுமைக்கும் எபிரேயர் இட்ட பெயர். நூற்றைம்பதில் மிகுதியான வகை புலம்பலாக இருந்தும் தலைப்பு துதிகள். இருளில் முடியும் எண்பத்தெட்டும் துதிகளில் ஒன்று என்று எண்ணியே வரிசையில் வைத்திருக்கின்றனர். தொகுத்தவர் கவனக்குறைவாளர் அல்லர்.

நூற்றிருபத்துநான்கும் நூற்றிருபத்தெட்டும் நூற்றுமுப்பதும் ஒரே சிறு கட்டுக்குள் இருப்பவை என்பதும் தற்செயலன்று. 120 முதல் 134 வரையுள்ள பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள் என்று பழைய தமிழில் தலைப்புப் பெற்றவை. எருசலேமுக்கு மலையேறும் திருப்பயணிகளின் வழிநடைப் பாட்டுகள் என்பது பலர் கருத்து. மேசையைச் சுற்றிய பிள்ளைகளைப் பாடியவனும் ஆழத்திலிருந்து கூப்பிட்டவனும் ஒரே வழியில், ஒரே கூட்டத்தில் நடந்திருக்கின்றனர். பிள்ளைகளை இழந்தவன் முன்னால் செல்பவன் பாடும் பிள்ளைப் பாட்டைக் கேட்டுக்கொண்டே நடந்திருப்பான். மகிழ்ந்திருப்பான் என்று யாரும் சொல்லவில்லை. நடந்திருப்பான்.

நன்றிப் பலியைப் பற்றி லேவியர் நூல் ஏழாம் அதிகாரத்தில் ஒரு விதி உண்டு. தோதா எனப்படும் அப்பலியின் இறைச்சியைப் படைத்த நாளிலேயே உண்டு தீர்க்க வேண்டும். மறுநாளுக்கு மீதி வைக்கலாகாது. ஒரு குடும்பம் ஒரே நாளில் ஓர் ஆட்டை உண்டு தீர்ப்பது கடினம். ஆகவே அண்டை அயலாரை அழைத்தே ஆகவேண்டும். விதி சொல்லாமல் சொல்வது அதுதான். கைவிடப்பட்டவனின் கூக்குரலாகத் தொடங்கும் இருபத்திரண்டாம் பாடலும் ஏழைகள் உண்டு நிறைவடையும் பந்தியை நோக்கியே செல்கிறது. தென்மாவட்டங்களின் அசன விருந்தை அறிந்தவர்க்கு இது விளங்கும். அங்கிருந்து தி. நகரிலும் அடையாற்றிலும் அடுக்குமாடிகளில் குடியேறிய குடும்பங்கள் வீடு குடிபுகுந்தாலும் பிள்ளை தேர்வில் வென்றாலும் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து, சங்கீதம் வாசித்து, சாப்பாடு போட்டு அனுப்புவதைக் காணலாம். பந்தியில் போன மாதம் கணவனை இழந்தவளும் இருப்பாள். அவளை அழைக்காமல் நன்றிக் கூட்டம் வைப்பது முறையன்று என்று அறிந்த மூத்த பெண்கள் இன்னும் அவ்வீடுகளில் இருக்கிறார்கள். அவளுக்குப் பரிமாறும் கை எதையும் விளக்குவதில்லை.

இந்தக் கூட்டம் இல்லாமற் போனால் பாடலுக்கு என்ன நேரும் என்பதை 2020 காட்டியது. ஊரடங்கில் சென்னை ஆலயங்கள் மூடிக் கிடந்தன. புனித வெள்ளி ஏப்ரல் 10 அன்றும் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12 அன்றும் வழிபாடு கைப்பேசித் திரையில் நடந்தது. அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. நோய்த்தொற்றில் இறந்தவர்க்கு அத்தனை பேரும் வரவில்லை. சொற்கள் மாறவில்லை. அதே சங்கீதம், அதே அச்சு. பல்லவி எடுக்க ஆளில்லை. வாசித்தவரே பல்லவியையும் வாசித்தார். நண்பரையும் உறவையும் அகற்றினீர் என்ற எண்பத்தெட்டாம் பாடலின் அடி அவ்வாண்டில் உவமையாக இருக்கவில்லை. அதற்குப் பின் வந்த நவம்பர்களில், கல்லறைத் திருநாளான இரண்டாம் தேதி, குவிபிள் தீவுக் கல்லறைத் தோட்டம் போன்ற இடங்களில் மெழுகுதிரி ஏற்றி நின்றோரில் பலர் அடக்கத்துக்கே வர முடியாமற் போனவர்கள். விட்டுப்போன பல்லவியைச் சொல்ல அவர்கள் வந்திருந்தனர்.

நாட்காட்டி யாருக்காகவும் நிற்பதில்லை. ஆறாண்டுகள் கழித்து, 2010 இல், டிசம்பர் 26 மீண்டும் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. மூன்றாண்டுச் சுழற்சியும் மீண்டும் முதலாம் ஆண்டில் நின்றது. அன்று காலை மீனவர் கடலில் பால் ஊற்றி, மலர் தூவி, இறந்தோரை நினைத்தனர். கரையோர ஆலயங்களில் திருக்குடும்ப விழா. நற்செய்தி வாசகம் அதே மூன்று வசனங்களைத் தாண்டிச் சென்றது. பதிலுரைப் பாடலாகக் குறிக்கப்பட்டிருந்தது நூற்றிருபத்தெட்டு: மேசையைச் சுற்றி ஒலிவக் கன்றுகள்.